ஊக்கும் ஒட்டுத்துணியும்

பெங்களூரு மெட்ரோ இரயிலில் மாலை வேளையில் பயணம் செய்வோர், கல்லூரி மாணவர் சிலரின் தோளில் விந்தையான பைகள் தொங்குவதைக் காணலாம். நிறம் மங்கிய ஜீன்ஸ் துணி. அதன்மேல் கோணல்மாணலாகத் தைத்த ஒட்டுத்துணிகள். பொருத்தமில்லாத நிறத்தில் பெரிய பெரிய தையல்கள். விளிம்பில் வரிசையாக ஊக்குகள். எதிரே அமர்ந்திருக்கும் பாட்டி, பிள்ளையின் பை கிழிந்துவிட்டதே என்று இரங்கவும் கூடும். உண்மையில் அது கிழிந்த பை அன்று. உடையவர் தம் கையாலேயே தைத்த 'பங்க்' பாணிப் பை.

பங்க் என்பது 1970களின் நடுப்பகுதியில் இலண்டன், நியூயார்க் நகரங்களில் எழுந்த இசை இயக்கம். அதற்கேற்ற உடைகளை இலண்டனில் வடிவமைத்தோருள் விவியன் வெஸ்ட்வுட் புகழ்பெற்றவர். கிழிந்த சட்டையை ஊக்கினால் இணைத்து அணிவது அவ்விளைஞரின் அடையாளமாயிற்று. கிழிசலை மறைக்காமல், அதை இணைத்த விதத்தையே வெளியே காட்டுவதுதான் இப்பாணியின் உயிர். பங்கின் உறவினன் எனத்தக்க ஹெவி மெட்டல் இசைக்குப் பெங்களூருவில் நெடுங்காலமாகவே சுவைஞர் உண்டு. அயர்ன் மெய்டன் குழு 2007ஆம் ஆண்டிலும் மெட்டாலிக்கா குழு 2011ஆம் ஆண்டிலும் இந்நகரின் அரண்மனைத் திடலில் பாடின. விருப்பமான குழுவின் பெயரை ஒட்டுத்துணியாகத் தைத்துக்கொள்ளும் வழக்கம் இவ்விரு கூட்டத்தாருக்கும் பொதுவானது.

இங்கு ஊக்கைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கரான வால்டர் ஹண்ட் 1849இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சிறு கடன் ஒன்றை அடைப்பதற்காக அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றும் விட்டார். இன்று ஊக்கின் படத்தை அச்சிட்ட பைகளும் கடைகளில் தொங்குகின்றன. எதையும் இணைக்காத ஊக்கால் யாருக்கு என்ன பயன்?

ஒட்டுப்போட்டதை ஒளிக்காமல் அழகாக்கும் கலைக்கு இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. கருநாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் உள்ள சண்டூரில் லம்பாணிப் பெண்கள் செய்யும் பூத்தையல் அத்தகையதே. பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றி நாடெங்கும் திரிந்த வணிகர் மரபினர் லம்பாணிகள். துணித் துண்டுகளை இணைத்து, அவற்றின்மேல் கண்ணாடிச் சில்லுகளையும் சோழிகளையும் நாணயங்களையும் தைத்துப் பாவாடை, முக்காடு, பை எனப் பலவற்றை அவர்கள் உருவாக்குகின்றனர். சண்டூர் லம்பாணிப் பூத்தையல் 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. கண்ணாடிச் சில்லில் துளை இல்லை. ஆயினும் அது துணியை விட்டு விழுவதில்லை. முதலில் சில்லின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சட்டம் போலக் கட்டுகின்றனர். பின்னர் அச்சட்டத்தையும் துணியையும் சேர்த்துச் சுற்றிலும் தைக்கும்போது, நூல் விரிந்து ஒரு வளையமாகிச் சில்லை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்கு அலங்காரமாகத் தெரியும் அவ்வளையமே சில்லைத் தாங்கி நிற்கும் பிடியும் ஆகும்.

இனிப் பை தைக்கும் முறை. பழைய ஜீன்ஸ் ஒன்றின் கால்பகுதியைத் தையல் பிரித்து விரித்தால் போதிய துணி கிடைக்கும். வார்நாடா, நூல், பொத்தான் முதலியவற்றைச் சிக்பேட்டைக் கடைவீதியில் வாங்கலாம். 38 செ.மீ. அகலமும் 43 செ.மீ. உயரமும் கொண்ட இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். புதிதாகத் தைப்போர் பலரும் செய்யும் பிழை, பையை முடித்த பிறகு அலங்கரிக்க முற்படுவது. அப்போது கை உள்ளே நுழையாது. முன்பக்கத்தோடு பின்பக்கமும் சேர்ந்து தைக்கப்பட்டுவிடும். ஆகவே துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே ஒட்டுத்துணி, கண்ணாடி, பொத்தான் ஆகியவற்றைத் தைத்துவிடுதல் நன்று. ஒட்டுத்துணியின் ஓரத்தை உள்மடித்து, எடுப்பான நிறமுடைய தடித்த நூலால் தைக்கலாம். தையல் சற்றுக் கோணினாலும் இப்பாணியில் அது குற்றமாகாது.

பக்கத் தையலுக்கு அச்சலுகை இல்லை. இரு துண்டுகளின் நல்ல பக்கங்களும் உட்புறம் நோக்குமாறு வைத்து, 1.5 செ.மீ. ஓரம் விட்டு, மூன்று பக்கமும் இருமுறை தைக்க வேண்டும். இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசி ஏற்றது. மெல்லிய ஊசி முறிந்துவிடும். கையால் தைப்போர் பின்தையல் இடுவர். வாய்ப்பகுதியை மடித்துத் தைத்தபின், 110 செ.மீ. நீளமுள்ள வார்நாடாவின் நுனிகளைப் பக்கவாட்டில் உட்புறமாக வைத்து, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போலவும் தைக்க வேண்டும். புத்தகங்களின் சுமை முழுவதும் அவ்விரு சதுரங்களின் மேல்தான் இறங்குகிறது. ஜீன்ஸ் பையின் மூலைகளில் செப்பு ஆணி அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிசும் லீவை ஸ்ட்ராசும் 1873இல் காப்புரிமை பெற்றதும் இக்காரணத்தாலேயே.

ஊக்குகளைக் கடைசியில் குத்தலாம். கூர்முனை உள்ளிருக்கும் ஏட்டைக் கிழிக்காதிருக்க உட்புறம் ஓர் உள்துணி வைப்பது நலம். பையைத் துவைக்குமுன் ஊக்குகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும். துருக்கறை படிந்தால் ஜீன்ஸிலிருந்து போகாது.