தோட்டாவுக்குள் ஓட்டை வடை

மலேசியாவில் ஜொகூரின் உலு திராமிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். அமெரிக்க மான் வேட்டைக் காணொளிகளில் பலரும் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் பற்றவைக்கும் புதுக் கேப்பு பொருத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி மூடுகிறார்கள். கடைத் தோட்டாவைவிட அது அவ்வளவு துல்லியமா என்பது அவருடைய முதல் கேள்வி. இத்தனை மருந்து எரிந்தும் துப்பாக்கி ஏன் சிதறுவதில்லை என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கான பதில் சிறியது, கடைசியில் வருகிறேன். இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மனிதர் செய்த பொருள்களில், வெறும் வடிவத்தைக் கொண்டு நெருப்புக்குக் கடிவாளம் போட்டவை மிகச் சில. தோட்டா மருந்து அவற்றில் ஒன்று.

இன்றைய தோட்டாக்களிலுள்ள புகையில்லா மருந்தைத் திறந்த தட்டில் வைத்துப் பற்றவைத்தால் வெடிக்காது, புஸ்ஸென்று எரிந்து முடியும். மருந்து மணி ஒவ்வொன்றும் மேற்பரப்பில் பற்றி, எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் உள்நோக்கி எரிந்துகொண்டு போகிறது என்பதைப் பிரெஞ்சுப் பீரங்கி அதிகாரி கியோம் பியோபேர் 1839இல் வகுத்துச் சொன்னார். பழைய கரும்பொடியைப் பார்த்துச் சொன்ன விதி, பின்னால் வந்த மருந்துகளுக்குத்தான் இன்னும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆகவே ஒரு நொடியில் எவ்வளவு வாயு பிறக்கும் என்பது அந்த நொடியில் எவ்வளவு பரப்பு எரிகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு போண்டாவையும் ஓட்டை போட்ட உளுந்து வடையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் எறும்பு மொய்க்கிறது. எறும்பால் மேற்பரப்பிலிருந்துதான் தின்ன முடியும். போண்டா தேயத் தேய அதன் பரப்பு சுருங்குகிறது, உட்கார இடமில்லாமல் எறும்பின் வரிசை குறைகிறது. தொடக்கத்தில் பெரும் பந்தி, முடிவில் இரண்டு மூன்று எறும்பு. வடையில் கதை வேறு. வெளி விளிம்பு உள்நோக்கித் தேயும்போதே நடுவிலுள்ள ஓட்டை வெளிநோக்கி அகலமாகிறது. வெளிவட்டம் இழக்கும் நீளத்தை உள்வட்டம் அப்படியே ஈட்டிக்கொடுக்கிறது. பள்ளிக்கூட வடிவியலில் 2π(R+r) என்று எழுதிப் பாருங்கள்: எவ்வளவு தின்றாலும் இரு வட்டங்களின் கூட்டு நீளம் மாறாது. பந்தியில் முதலில் எத்தனை எறும்போ கடைசிவரை அத்தனை.

மேல்புறமும் அடிப்புறமும் தின்னப்படுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்காக வடையை உயரவாக்கில் இழுத்து, நீண்ட குழலாக்கிவிடுவோம். முனைகளின் பங்கு அற்பமாகிவிடும். அந்தக் குழல் வடைதான் இன்றைய வேட்டைத் துப்பாக்கி மருந்துகள் பலவற்றின் உருவம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவு, நடுவில் ஊசித்துளை. ஏழு ஓட்டை போட்டால் இன்னும் விசேஷம், தின்னத் தின்னப் பரப்பு கூடிக்கொண்டே போகும். பீரங்கிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீரங்கி மருந்துக் கட்டியில் துளை போட்டுக் காட்டியவர் அமெரிக்க ராணுவத்தின் தாமஸ் ராட்மன்.

இனி இந்தப் பந்தியை ஒரு டப்பாவுக்குள் அடைப்போம். இந்த எறும்புகளுக்கு ஒரு குணம்: நெருக்கம் கூடினால் வெறி வந்து வேகமாகத் தின்னும். மருந்தும் அப்படியே. அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் ஏறும், வேகம் ஏறினால் வாயு பெருகி அழுத்தம் இன்னும் ஏறும். இதை அளந்து சூத்திரமாக்கியவர் பால் வியேய். திறந்த வெளியில் நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்று நகரும் எரிமுகம், துப்பாக்கிக்குள் நொடிக்குப் பல பத்து சென்டிமீட்டர் வேகம் பிடிக்கிறது. அப்படியே விட்டால் டப்பா கிழிந்துவிடும். கிழியாததற்குக் காரணம், டப்பாவின் மூடி நழுவக்கூடியது. அந்த மூடிதான் குண்டு. அது முன்னே ஓட ஓட டப்பா பெரிதாகி, எறும்பின் நெருக்கம் தளர்கிறது. ஒருபக்கம் பெருகும் வாயு, மறுபக்கம் விரியும் இடம். குண்டு சில சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்போதே அழுத்தம் உச்சம் தொடுகிறது, வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 4,000 மடங்கு. அதன் பிறகு இறங்குமுகம். பின்னும் குண்டைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமானால், பந்தி சுருங்காமலிருக்க வேண்டும். ஓட்டை அதற்குத்தான்.

பந்தியின் முதல் கணம்தான் ஆபத்தானது. மூடி இன்னும் அசையவில்லை, இடம் மிகக் குறைவு. ஆகவே வடையின் வெளித்தோலில் கசப்பு தடவிவிடுகிறார்கள். எரிதலை மந்தப்படுத்தும் வேதிப்பொருளை மணியின் மேலடுக்கில் ஊறவைப்பதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் எறும்பு முகம் சுளித்துத் தின்னும், தோல் தாண்டியதும் வேகம் பிடிக்கும். வடையின் சதை எவ்வளவு தடிமன் என்பதே பந்தி எவ்வளவு நேரம் நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. குண்டு துப்பாக்கிக் குழலைவிட்டு வெளியேற ஆகும் நேரம் ஒரு மில்லிநொடிக்குச் சற்றே அதிகம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சதை, இரு பக்கமும் தின்னப்பட்டு, ஏறத்தாழ அதற்குள் தீர்ந்துவிட வேண்டும். சதை தடித்தால் எரியாத மருந்து வாசலில் வீணாகக் கொட்டும். மெலிந்தால் எல்லாம் முதல் கணத்திலேயே எரிந்து, மூடி நழுவும் முன் டப்பா கிழியும். கைத்துப்பாக்கிக்கான மெல்லிய மருந்தை நீளத் துப்பாக்கித் தோட்டாவில் தவறிப் போட்டவர்கள் கையையும் கண்ணையும் இழந்திருக்கிறார்கள். இரண்டும் பார்வைக்குக் கறுத்த பொடிதான்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். வியேய் 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்தைச் செய்தார். 1889இல் வேதியியலாளர்கள் ஆபெலும் திவாரும் பிரிட்டனுக்காகக் கார்டைட் செய்தார்கள். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு பிசைந்து அச்சில் பிழிந்த இழை அது. தமிழ் மண்ணுக்கு அது 1903இல் வந்தது, நீலகிரியில் குன்னூர் பக்கம் அரவங்காட்டில் நிறுவிய கார்டைட் தொழிற்சாலையாக. ஆலைக்கு முன்பே அந்த மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கடமானைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 1877இல் அவர்களே சங்கம் அமைத்து, 1879இல் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. தொடக்ககாலக் கார்டைட் கெட்டியான இழை, அதாவது போண்டாக் கட்சி. பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவுக்குத் துளையுள்ள குழல் இழைகள் வந்தன.

நம் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் வெப்பம். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும். கார்டைட்டுக்கு இந்தக் குணம் மிகுதி. இங்கிலாந்தின் குளிரில் அளவு பார்த்த தோட்டாவை இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சுட்டபோது அழுத்தம் எல்லை மீறியதால், வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்களே விற்றார்கள். குளிர்ப் பிரதேசத்தில் யாரோ எழுதி வைத்த அளவு, ஜொகூர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கிடந்த தோட்டாவுக்குப் பொருந்தாது. காணொளிகளில் இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பித்தளைக் கூட்டையும் சொல்லாமல் விட மனமில்லை. செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. சுடும் கணத்தில் அது உப்பி, குழலின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வர இடம்கொடுக்கிறது. மீண்டும் மீண்டும் அடைக்க முடிவது இந்த மீள்தன்மையால்தான். அதற்கு ஒரு எதிரி உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. அங்கே குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் மிச்சமிருந்த இறுக்கத்தைப் பிளந்தது என்று 1921இல் விளக்கம் வந்தது. கூட்டைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம். இதைப் படித்தபோது எனக்கு ரப்பர் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. பால் உறையாமலிருக்க அங்கே கலப்பதும் அம்மோனியாதானே! பால் கொட்டகையின் மூலை, பித்தளைத் தோட்டா வைப்பதற்கு எவ்வளவு மோசமான இடம் என்று கங்காணிகள் யாருக்காவது தெரிந்திருக்குமா?

இப்போது முதல் கேள்வி. கையால் அடைப்பவர்கள் மருந்தை ஒரு குன்றிமணியைவிடப் பல மடங்கு இலேசான அளவுக்கு, சுமார் 6 மில்லிகிராம் வரை, நிறுத்துப் பார்க்கிறார்கள். அந்த அளவு கூடக் குறைய இருந்தால் என்ன ஆகும்? மூன்று கிராம் அளவிலான மருந்தில் அது 0.2 சதவீதம். குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்றால் ஒன்றிரண்டு மீட்டர் மாறலாம். 100 மீட்டர் தூரத்தில் குண்டு விழும் உயரத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடமானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலைப் பகுதி ஒரு சாண் அகலம். அடர்ந்த மழைக்காட்டில் 100 மீட்டர் கண்ணுக்கே எட்டாது.

பிறகு எப்படி அவர்கள் ஒரே துளையில் மூன்று குண்டு போட்டுக் காட்டுகிறார்கள்? மூன்று என்ற அந்தச் சிறு எண்ணிக்கைதான் காரணம். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால், ஒரு கூட்டம் இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு பரந்திருப்பது வெறும் தற்செயலாலேயே அடிக்கடி நடக்கும். பத்து விதமாக மருந்து அளந்து ஒவ்வொன்றிலும் மூன்று சுட்டு, அதில் நெருங்கி விழுந்ததைப் பிடித்துக்கொண்டு 'இதுதான் என் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு' என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். அதே அளவில் இருபது சுட்டுக் காட்டினால் உட்கார்ந்து பார்ப்பேன். நல்ல கூடும் ஒரே தரமான குண்டும் பொறுக்கி எடுத்து நிதானமாக அடைப்பவர், மலிவான கடைத் தோட்டாவை வெல்வது உண்மையே. ஆயிரம் மீட்டர் இலக்குப் போட்டியில் சீரான வேகத்துக்கு மதிப்பும் உண்டு. மானுக்கு அது வேண்டியதில்லை. கடினமான வேலையை, அந்தத் துளையையும் கசப்புத் தோலையும், ஆலை ஏற்கனவே செய்து முடித்துவிட்டது.

உலு திராமில் இதைச் செய்து பார்க்க நினைப்பவருக்கு இன்னும் இரண்டு செய்திகள். உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் சிறையோடு பிரம்படியும் வைத்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு ஷாட்கன் வைத்திருப்பவரும் கடைத் தோட்டாவைத்தான் வாங்கியாக வேண்டும். இரண்டாவது, மான். தீபகற்பத்தில் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் கொடுப்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 2009இலேயே நிறுத்திவைத்தது. எண்ணிக்கை அவ்வளவு சரிந்திருந்தது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி 150க்கும் கீழே என்று தெரிந்தது. அந்தப் புலியின் முக்கிய இரைகளில் ஒன்று கடமான். கோத்தா திங்கிக்கு அப்பாலுள்ள காடுகளில் ஒரு கடமான் எஞ்சியிருந்தால், அது புலிக்குப் போகட்டும் என்பதே என் கட்சி.