டிராக்டர் கிளம்பத் தாமதிப்பதேன்?

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மானாவாரிச் செம்மண் நிலங்களில், மழைக்குப் பின் உழவுக்கேற்ற ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே. நிலக்கடலை விதைக்க வேண்டிய காலையில் டிராக்டர் கிளம்பாவிடில் ஈரமும் போய்ப் பட்டமும் தவறும். அப்போது டீசல் பம்பே கெட்டுவிட்டதென்று எண்ணி, அதை உடனே கழற்றக் கொடுப்பது பெரும்பாலும் வீண் செலவாகும். அதற்கு முன்னுள்ள குழாய்களையும் வடிகட்டியையும் முதலில் சோதித்தல் வேண்டும்.

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருள் அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பெற்றுத் தானே எரிகிறது. தொட்டியிலிருந்து வரும் டீசலைச் சிறு பம்பு குறைந்த அழுத்தத்தில் வடிகட்டி வழியே அனுப்புகிறது. பழைய அமைப்புள்ள டிராக்டர்களில் பெரிய பம்பு அதனைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அளவு அழுத்தி நாசிலுக்குச் செலுத்துகிறது. காற்று எளிதில் சுருங்கும் இயல்புடையது. ஆகையால் குழாயில் குமிழி புகுந்தால், பம்பின் உழைப்பு அதைச் சுருக்குவதிலேயே கழிந்து நாசில் திறவாது.

முதலாவதாக, செல்ப் மோட்டார் யந்திரத்தை நன்கு சுழற்றுகிறதா எனக் கவனிக்க வேண்டும். சுழற்சி மந்தமாயின் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்ப்பது முறை. நன்கு சுழன்றும் கிளம்பாவிடில் புகைபோக்கியை நோக்குக. புகையே வாராவிடில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. வெண்புகை வந்தால், எட்டியும் சரியாக எரியவில்லை என்பது பொருள்.

இரவு முழுதும் நின்றபின் மாத்திரம் தாமதமாகிறதாயின், கிளப்புமுன் கைப்பம்பைச் சில முறை அழுத்திப் பார்க்கலாம். அதன்பின் உடனே கிளம்பினால், தளர்ந்த இணைப்பு வழியே காற்று புகுந்து டீசல் பின்வாங்குகிறது என்று கொள்ளலாம். சிறு பம்புக்கு முன்னுள்ள குழாயில் டீசல் இழுக்கப்படுவதால், அங்குள்ள ஓட்டை வெளியே கசிந்து காட்டாமலே காற்றை உள்ளே விடக்கூடும்.

அடுத்து, வடிகட்டியின் மேலுள்ள காற்றுப்போக்குத் திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்பை இயக்குக. நுரைத்து வந்தால் காற்றும், மெலிந்து வந்தால் அடைப்பும் காரணமாகும். நுரை நீங்கி இடையறாது வந்தபின் திருகை இறுக்கிவிட வேண்டும். தொட்டி மூடியிலுள்ள சிறு துளை புழுதியால் அடைபட்டாலும் டீசல் வரத்துக் குன்றும். இவையெல்லாம் செம்மையாயிருந்தும் குறை நீங்காவிடில், பம்பையும் நாசிலையும் தக்க பட்டறையில் சோதிக்கலாம்.

காமன் ரெயில் அமைப்புள்ள புதிய டிராக்டர்களில் அழுத்தம் 1,000 கிலோவுக்கும் மேற்படும். அவற்றின் உயரழுத்தக் குழாய்களைப் பயிற்சியற்றோர் தளர்த்துதல் ஆகாது. எவ்வகை டிராக்டராயினும் பீய்ச்சும் டீசலின் எதிரே கை வைத்தல் கூடாது; அது தோலைத் துளைத்து உட்செல்லும். அவ்வாறு நேரின், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் அதனுள் நீர் படிவது குறையும். காலையில் கிளப்புமுன் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து, தங்கிய நீரை வெளியேற்றுக. ஆடிப்பட்டம் தொடங்குமுன்பே இம்முறைகளைக் கிராம அலுவலர்கள் டிராக்டர் உடையோருக்கு எடுத்துரைப்பின், அயலார் நிலத்து உழவும் தடைப்படாது நடைபெறும்.