ஹீட்டருக்கு ஒரு கான்டாக்டர், மோட்டாருக்கு ஒரு கான்டாக்டர்

மாவு மில்லோ, பாக்குமட்டைத் தட்டு மிஷினோ குழுக் கடனில் போட நினைக்கும் பாலசமுத்திரம் சகோதரிகளே! மிஷின் விலையைப் பேரம் பேசும் நாம், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளே என்ன இருக்குன்னு பார்ப்பதில்லை. பச்சை பட்டனை அழுத்தியதும் ‘டக்’கென்று ஒட்டி கரண்ட் கொடுப்பதுதான் கான்டாக்டர்.

அதன்மேல் ரெண்டு ஆம்பியர் அளவு போட்டிருக்கும். ஏசி-1 ஹீட்டருக்கு, ஏசி-3 மோட்டாருக்கு. ஹீட்டர் ஒரே சீராகக் கரண்ட் எடுக்கும். மோட்டார் அப்படியில்லை. 7.5 குதிரைத்திறன் த்ரீபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர். நேராக ஸ்டார்ட் பண்ணினால் கிளம்பும் நேரத்தில் 6 மடங்குகூட இழுக்கும். ஏசி-1-ல் 25 என்றிருக்கும் கான்டாக்டர் ஏசி-3-ல் வெறும் 9 ஆக இருக்கலாம். பெரிய எண்ணை நம்பி மாட்டினால் உள்முனைகள் தீய்ஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் சிவப்பு பட்டனை அழுத்தினாலும் மிஷின் நிக்காது. கை மாட்டியிருந்தால்?

தட்டு மிஷினில் அச்சைச் சூடாக்க ஹீட்டர், அழுத்த மோட்டார் என ரெண்டும் இருந்தால் தனித்தனி கான்டாக்டர் கேளுங்க.

மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயும் வேணும். அதன் திருகை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்கணும். அடிக்கடி ட்ரிப் ஆகுதேன்னு சிலர் கூட்டி வைக்கிறாங்க. ஒரு பேஸ் போனால் காயில் எரிஞ்சிடும். ரீவைண்டிங் செலவும் கடன் தவணையும் சேர்ந்து வரும். ட்ரிப் ஆனால் திருகைத் தொடாமல், மோட்டார் ஏன் திணறுதுன்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க.