பொன்முடிச் சாலையில் மூன்று பட்டங்கள்

கல்லூரிக்குச் செல்வது வேறு. பட்டம் பெறுவது வேறு. பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமானது. கல்லாற்றைத் தாண்டியபின் 22 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் தேயிலைத் தோட்டங்களும் நம்மை வரவேற்கின்றன. இத்தோட்டங்களின் லயங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வாழ்ந்த குடும்பங்களில் பல, தமிழ் மண்ணிலிருந்து சென்றவை. கூலி குறைந்து தோட்டத் தொழில் நலிந்தபோது, பலர் பிழைப்பைத் தேடி நகரத்துக்கு இறங்கினார்கள். "என் பிள்ளையாவது ஒரு டிகிரி வாங்கட்டும்" என்பதே இப்படிப்பட்ட வீடுகளில் பெற்றோரின் ஏக்கம்.

அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் பட்டம் என்றால் என்ன, அதை அளிக்கும் உரிமை யாருக்கு உண்டு, அதைப் பெறுவதற்குப் பிள்ளை எவற்றை நிறைவேற்ற வேண்டும் என்பதைப் பலர் முன்னதாக அறிந்துகொள்வதில்லை. மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குச் சென்றுவந்த பின்னும் கையில் பட்டம் இல்லாமல் நிற்கும் இளைஞர் நம் நகரங்களில் ஏராளம். ஆகவே இக்காரியத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பட்டம் அளிக்கும் உரிமை யாருக்கு?

பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 22ஆம் பிரிவு இதைத் தெளிவாக வரையறுக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியே அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே நம் நாட்டில் பட்டம் அளிக்கும் உரிமை உண்டு.

இம்மூன்று வகைகளையும் பொன்முடிச் சாலையிலேயே காணலாம் என்பது வியப்பான செய்தி.

முதலாவது, நெடுமங்காடு அரசுக் கல்லூரி. இது கேரளப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. மாணவர் படிப்பது கல்லூரியில். பட்டம் அளிப்பதோ பல்கலைக்கழகம். 1937ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டு, 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது இது. அதற்கு முன்பு திருவனந்தபுரத்து மாணவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கே தேர்வு எழுதினார்கள்.

இரண்டாவது, நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். விண்வெளித் துறையின்கீழ் 2007இல் தொடங்கப்பட்ட இது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இதன் முதல் வேந்தர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களே. இங்கே பி.டெக். படிப்பில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் நல்ல தரவரிசை வேண்டும்.

மூன்றாவது, விதுராவில் மலையடிவாரத்தில் அமைந்துள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். ஐசர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 2008இல் தொடங்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகிப் பட்டம் அளிக்கும் அதிகாரத்தைப் பெற்றது. இங்கே இளங்கலையும் முதுகலையும் இணைந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு நடைபெறுகிறது. தொடக்க ஆண்டுகளில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கையும் பயின்று, பின்னரே முதன்மைப் பாடத்தில் நிலைகொள்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சிக்கு உரியது. ஐசர் நிறுவனங்கள் நடத்தும் திறனறித் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை அண்மை ஆண்டுகளில் அறிவியல் பாடங்களுடன் முடித்தவர்களுக்கே இத்தேர்வு. ஆகையால் மிகவும் தாமதித்தால் இந்த வாசல் அடைபட்டுவிடும்.

இப்படிப்பட்ட நிறுவனத்தின் மதிலை ஒட்டிய சாலையில் தினமும் பயணம் செய்தும், உள்ளே சேருவதற்கு எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பதை அறியாத குடும்பங்கள் இருக்கக்கூடும். வறுமையைப் போலவே அறியாமையும் ஒரு தடைதான். ஆனால் இதை நீக்கப் பணம் வேண்டியதில்லை.

கிரெடிட் என்னும் கணக்கு

பெரும்பாலான நம் பிள்ளைகள் சேருவது கலை அறிவியல் கல்லூரிகளிலேயே. முன்பு பட்டத்துக்கான கணக்கு எளிமையாக இருந்தது: மூன்று ஆண்டுகள் படி, எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெறு, பட்டம் வாங்கு. இன்றோ கிரெடிட் என்னும் அளவுகோல் வந்துவிட்டது. வாரம் ஒரு மணி நேரம் வீதம் பதினைந்து வாரங்கள், அதாவது 15 மணி நேர வகுப்பு, ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் 30 மணி நேரம் ஒரு கிரெடிட்டாகும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் அந்த செமஸ்டரில் 45 மணி நேர வகுப்பு என்று பொருள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவமைப்பு, மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்தது. கேரள மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2024-25 கல்வியாண்டில் நான்காண்டு முறையைப் பரவலாக நடைமுறைப்படுத்தின. கேரளப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டோடு நிறுத்துகிறவருக்கு 133 கிரெடிட். நான்காம் ஆண்டையும் முடித்து ஆனர்ஸ் பெறுகிறவருக்கு 177 கிரெடிட். கடைசி ஓராண்டுக்கு மட்டும் 44 கிரெடிட் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசோ கலை அறிவியல் படிப்புகளில் மூன்றாண்டுப் பட்டத்தையே தொடர்கிறது. எல்லைக்கு இருபுறமும் உறவினர் உள்ள குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

கேரளத்து 133 கிரெடிட்டும் ஒரே பாடத்தில் வருவதில்லை. முதன்மைப் பாடம், துணைப் பாடம், ஆங்கிலமும் மற்றொரு மொழியும், பிற துறைப் பாடங்கள், மதிப்பு சார்ந்த பாடங்கள், தொழில்திறன் பாடங்கள், களப்பயிற்சி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி அளவு உண்டு. முதன்மைப் பாடத்தில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் எடுத்தாலும், வேறொரு பிரிவில் உள்ள குறையை அது ஈடுசெய்யாது. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் பெற விரும்புகிறவர், முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி.

இரண்டு இடங்களில் நேரும் இடறல்

முதலாவது வருகைப்பதிவு. 75 சதவீத வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது. நகரத்தில் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, தகப்பனாருக்குத் துணையாகக் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்பது புதிதல்ல. வாரத்தில் ஆறு நாள் கல்லூரி என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாள் தவறினாலே வருகை 67 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வீட்டின் தேவைக்காக விடுப்பு எடுக்கச் சொல்லும் முன் பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நோயினால் வர இயலாமற்போனால் மருத்துவச் சான்றுடன் உடனடியாகக் கல்லூரியை அணுகினால், விதிக்குட்பட்டு விலக்குப் பெற வழி உண்டு. செமஸ்டர் முடிவில் சென்று கெஞ்சுவதால் பயனில்லை.

இரண்டாவது, தவறிய தாள். தமிழ்நாட்டில் அரியர் என்பார்கள். கேரளத்தில் சப்ளி என்பார்கள். பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றே. 133இல் 130 கிரெடிட் முடித்தவர் பட்டதாரி அல்லர். மீதமுள்ள மூன்று கிரெடிட் கிடைக்கும்வரை, சட்டத்தின் பார்வையில் அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே. வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு, பி.எட். சேர்க்கை ஆகிய எதிலும் "ஒரு தாள்தான் பாக்கி" என்ற பதில் செல்லாது.

வெட்கத்தினால் இதை வீட்டில் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. கடிந்துகொள்வதால் அவர்கள் இன்னும் ஆழமாக மறைப்பார்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மதிப்பெண் பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கேரளப் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 30 பங்கு உள்மதிப்பீடு, 70 பங்கு இறுதித் தேர்வு. ஆகையால் தோல்வி எங்கே நேர்ந்தது என்பதை அப்பட்டியலே காட்டிவிடும். அடுத்துவரும் துணைத்தேர்வுக்கான கட்டணத்தை நாள் தவறாமல் செலுத்துங்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய திட்டத்தில் தேர்வு எழுதும் வாய்ப்புகள் எண்ணப்பட்டவையாகிவிடும். மானியக் குழுவின் வரைவமைப்பு படிப்பை முடிக்க அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் அளிக்கிறது. அது தள்ளிப்போடுவதற்கு அளிக்கப்பட்ட சலுகையல்ல.

வரிசை தவறக் கூடாது

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலை என்ற வரிசைக்குச் சட்ட மதிப்பு உண்டு. திறந்தநிலை முறையில் இளங்கலை இல்லாமலே நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாறு படித்த பலருடைய பதவியும் பதவி உயர்வும் இதனால் கேள்விக்குள்ளாயின. "பிளஸ் டூ வேண்டாம், நேராக டிகிரி" என்று அழைக்கும் விளம்பரங்களைக் காணும்போது இத்தீர்ப்பை நினைவில் கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை இடையில் விட்டவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக அதை முதலில் முடிப்பதே பாதுகாப்பு.

அஞ்சல்வழியில் படிப்பது தாழ்வானதல்ல. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. 1985இல் தொடங்கப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2020இல் கொல்லத்தில் தொடங்கப்பட்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்றவை. சேருகிற ஆண்டில், சேருகிற பாடத்துக்கு, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி அளித்துள்ளதா என்பதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது.

நம் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேதாகமக் கல்லூரிகளின் சான்றிதழ்கள் ஊழியப் பயிற்சிக்கு உரியவை. அந்த அளவில் அவை மதிப்புள்ளவை. ஆனால் மேலே சொன்ன 22ஆம் பிரிவின் உரிமை இல்லாத நிறுவனம் அளித்தால், "இளங்கலை" என்று அச்சிட்டிருந்தாலும் அரசுப் பணிக்கோ பல்கலைக்கழக உயர்படிப்புக்கோ அது பட்டமாகாது. 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் நிறுவிய செராம்பூர் கல்லூரிகூட, 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயத்தாலும் பின்பு 1918ஆம் ஆண்டின் சட்டத்தாலுமே பட்டம் அளிக்கும் உரிமையைப் பெற்றது. இறையியல் படிக்க விரும்பும் பிள்ளையிடம், "இந்தப் பட்டத்தை அளிப்பது யார்?" என்று கேட்பது அவிசுவாசம் அல்ல, பொறுப்பு.

சான்றிதழ்களில் குடிபெயர்ந்தோர் படும் பாடு

மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் ஒரு பெரும் இடர்ப்பாடு. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அத்தகுதி அங்கே தானாகத் தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மேலும் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய சமயத்தவரே பட்டியலினத்தில் அடங்குவர். அவ்வினங்களிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிற்படுத்தப்பட்டோர் வகையில் இடம்பெறுகிறார்கள். ஆகவே எந்தச் சலுகை எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறியுங்கள். கல்லூரிச் சேர்க்கை தொடங்கியபின் சான்றிதழுக்கு அலைவதால் இடம் கைநழுவிப் போகலாம்.

பெயரிலும் கவனம் தேவை. தமிழர் தலைப்பெழுத்தை முன்னால் எழுதுகிறோம். பிற மாநிலங்களில் அது பின்னால் செல்கிறது, அல்லது தகப்பன் பெயராக விரிகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் வேறுபட்டால், 2021இல் தொடங்கப்பட்ட கிரெடிட் வங்கியில் கணக்குத் திறப்பதே தடைபடலாம். கல்லூரியில் சேருமுன் இதைச் சரிசெய்துவிடுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

சேர்க்கைக்கு முன்: கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

முதல் வாரத்தில்: மொத்தம் எத்தனை கிரெடிட், எந்தெந்தப் பிரிவில் எத்தனை என்பதைப் பிள்ளையைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் சொல்லி வீட்டில் ஒட்டிவையுங்கள்.

ஒவ்வொரு செமஸ்டரிலும்: வருகைப்பதிவு, உள்மதிப்பீடு, தேர்வு முடிவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

முடிவில்: எல்லாத் தாள்களிலும் தேறியதால் மட்டும் பட்டச் சான்றிதழ் வீடு தேடி வராது. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் செல்வதானால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். பட்டச் சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்காமலே ஆண்டுகளைக் கடத்தி, வேலை நியமனத்தின்போது தவிப்பவர்கள் உண்டு.

ஒரு வீட்டில் முதல் பட்டதாரி எழும்பும்போது, அவருக்குப் பின்வரும் தம்பி தங்கையருக்கு வழி தெரிந்துவிடுகிறது. எந்த விண்ணப்பம், எந்த அலுவலகம், எந்த நாள் என்று கேட்பதற்கு வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அந்த முதல் பிள்ளைக்குத்தான் வழிகாட்ட ஆளில்லை. அவ்விடத்தில் பெற்றோரும், சபையில் உள்ள படித்தவர்களும் நிற்க வேண்டும். உங்கள் தெருவில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளை யார் என்று இன்றே விசாரித்து, இக்கட்டுரையை அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.