வியட்நாமில் தரைவழிப் பயணத் திட்டமிடல்

வியட்நாமை வடக்கே ஹனோயிலிருந்து தெற்கே ஹோ சி மின் நகரம் வரை தரைவழியாகவே சில வாரங்களில் கடக்கலாம். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் 1,726 கி.மீ. தொடருந்துப் பாதை 1936 இல் நிறைவடைந்தது. போரில் சிதைந்து, 1976 இறுதியில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடையில் இறங்காவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை நாளில் பயணம் முடிந்துவிடும். நிதானமாகச் செல்வோர் நின் பின், ஹுவே, நா திராங் போன்ற ஊர்களில் சில நாட்கள் தங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பயணச்சீட்டு எடுக்கின்றனர். ஹோய் ஆனில் தொடருந்து நிலையம் இல்லை. தா நாங்கில் இறங்கிச் சாலைவழியே செல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் மின்விசாவில் 90 நாட்கள் வரை தங்கலாம் என்பதால் அவசரம் தேவையில்லை.

திட்டத்தைக் குலைப்பது தொலைவு அன்று, மழையே. வடக்கிலும் தெற்கிலும் மழைக்காலம் பொதுவாக மே முதல் அக்டோபர் வரை. நடுப்பகுதியில் மட்டும் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹோய் ஆன் தெருக்களில் படகு ஓடும் அளவுக்கு வெள்ளம் வருவதுண்டு. மூன்று பகுதிகளுக்கும் ஓரளவு பொருந்துவது மார்ச், ஏப்ரல் மாதங்களே. அதற்குச் சற்று முன்னர் வரும் தெத் புத்தாண்டின்போது பயணச்சீட்டு கிடைப்பது அரிது.

ஹுவே–தா நாங் கட்டத்தை மட்டுமாவது பகலில் கடப்பது நல்லது. அங்கே பாதை ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டிச் செல்கிறது. வடக்கின் குளிர்காற்றைத் தடுப்பதும் இம்மலையே. ஹுவேயில் தூறலில் ஏறியவர் தா நாங்கில் வெயிலில் இறங்க நேரலாம்.