தகப்பன் உரிமை கொண்டாடிய பிள்ளை

பழைய நார்ஸ் புராணப் பாடல்கள் என்றதும் ஓடினின் ஞானம், தோரின் சம்மட்டி என்றுதான் பேசுவார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது ‘ரீக்ஸ்துலா’வை. 14ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து ஏட்டுப் பிரதி ஒன்றில், முடிவு தொலைந்த நிலையில் எஞ்சியிருக்கும் பாட்டு அது.

ஹெய்ம்தால் என்னும் கடவுள் ரீக் என்ற பெயரில் மூன்று வீடுகளுக்குப் போகிறான். ஒவ்வொன்றிலும் மூன்று இரவு, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் படுக்கிறான். ஒன்பதாம் மாதம் பிள்ளை பிறக்கிறது. முதல் வீட்டில் அடிமை, அடுத்ததில் உழவன், கடைசியில் பிரபு.

அடிமையின் உடம்பைப் பாட்டு விடாமல் வருணிக்கிறது: கறுத்த நிறம், சுருங்கிய கைத்தோல், தடித்த விரல்கள், வளைந்த முதுகு. வேலி போட்டு, வயலுக்கு எருவிட்டு, பன்றி வளர்த்து, ஆடு மேய்க்கும் வாழ்க்கை. வேலை வளைத்த முதுகைப் பிறவிக் கூனாக்கிவிடுகிறார்கள். அவன் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பொருள் நாற்றமடிப்பவன், கூனன், கந்தல்காரி. சூத்திரன் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்ற மநுவின் விதி நமக்கு நினைவு வராமல் இருக்குமா?

பிரபுவாகப் பிறந்த பிள்ளையோ வெளிர்முடி, ஒளிரும் கன்னம். அவன் வளர்ந்ததும் ரீக் திரும்பி வருகிறான். ரூன் எழுத்தைக் கற்பிக்கிறான். தன் பெயரையே கொடுத்து ‘என் மகன்’ என்கிறான். நிலத்தைக் கைப்பற்றச் சொல்கிறான். அடிமையும் அதே தகப்பனின் பிள்ளைதான். புருஷ சூக்தம் காலிலிருந்து பிறப்பித்தது. இங்கே வித்து ஒன்றே, எழுத்தும் நிலமும் மட்டும் ஒருவனுக்கு. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில் இப்பாட்டை வர்ண அமைப்போடு ஒப்பிட்டார்.

நார்வேயின் பழைய சட்டங்களில் விடுதலை பெற்ற அடிமைக்குத் தனி விதிகள் உண்டு. பாட்டில் அப்படி ஒருவன் வருவதே இல்லை.