‘லீ’ என்னும் மாலுமிச் சொல்

கடலோடிகள் திசையை வடக்கு, தெற்கு என்று மட்டும் வழங்குவதில்லை. காற்றைக் கொண்டும் வழங்குவர். காற்று எப்பக்கமிருந்து வருகிறதோ அப்பக்கம் ‘விண்ட்வர்டு’; எப்பக்கம் நோக்கிப் போகிறதோ அப்பக்கம் ‘லீவர்டு’, சுருக்கமாக ‘லீ’. காற்று திரும்பினால் இவ்விரண்டும் இடம் மாறும்.

பூகோளப் பாடநூல்கள் இவற்றைக் காற்று மோதும் பக்கம், காற்று மோதாப் பக்கம் என்று பெயர்த்திருக்கின்றன. மலைக்கு இது மிகவும் பொருத்தமே. தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மலைக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள வாயி என்னும் ஊரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தீவுக்கும் இப்பெயர் பொருந்தும். தீவின் லீப் பக்கத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குத் தீவே மதிலாக நின்று காற்றைத் தடுக்கும். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஒதுக்கிடம் என்பதே பொருள்.

ஆனால் ‘லீ ஷோர்’ என்றொரு தொடர் உண்டு. அங்கேதான் மொழிபெயர்ப்பாளன் இடறுகிறான். நானும் ஒருமுறை அதைக் ‘காற்று மோதாக் கரை’ என்று எழுதிவிட்டேன். பிரதியைப் படித்த ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர், “ஐயா, இதை நம்பிப் போகிறவன் கரை சேரமாட்டான், கரையில் மோதுவான்” என்றார்.

இத்தொடரில் ‘லீ’ கரைக்கு உரியதன்று, கப்பலுக்கு உரியது. கப்பலின் லீப் பக்கத்தில் இருக்கும் கரை, அதாவது கப்பலைக் கடந்த காற்று நேரே சென்று மோதும் கரை. அக்காற்று கப்பலையும் அங்கேயே தள்ளும். பாய்க்கப்பல் காற்றுக்கு நேரெதிரே செல்ல இயலாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் விலக வேண்டும். கரை அண்மையிலிருந்தால் அதற்கு இடம் ஏது?

மும்பையில் வாழும் நேயர்கள், ஆனி ஆடியில் மெரின் டிரைவ் சுவரில் அலை மோதித் தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்போது அக்கடலிலுள்ள கப்பலுக்கு மும்பைதான் லீ ஷோர். அதே பருவக்காற்று சென்னையில் தரையைக் கடந்து கடல்நோக்கி வீசுகிறது (பிற்பகலில் எழும் கடற்காற்று வேறு சங்கதி). ஐப்பசியில் வடகிழக்குக் காற்று எழுந்தால் எல்லாம் தலைகீழ். சென்னையில் துறைமுகம் கட்டப்படாத 18-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் போர்க்கப்பல்கள் அக்காற்றுக்கு முன்பே சோழமண்டலக் கரையை விட்டுப் பம்பாய்க்கு விலகிச் செல்வது வழக்கம்.

‘காற்று தள்ளும் கரை’ என்று திருத்தி எழுதினேன். மாலுமி பிரதியைத் திருப்பித் தந்தார்.